சித்திரை மத்தியானத்தில் வீடு பார்க்க வாங்க

(வீடு, மனை, வெயில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை ‘ஓவர்சியர் அக்கா’வின் பதில்கள்)

பொள்ளாச்சிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் 12 செண்டில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊர் விலையோடு பார்த்தால் மலிவு. கரம் (நிலவரி) கட்டின ரசீதைப் புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரிந்த நண்பர், “நிலம்னுதான் போட்டிருக்கு, சரியா இருக்கு” என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா அக்கா?
– வாசகர், ஜமீன் ஊத்துக்குளி

கையை மூடிக்கங்க தம்பி. அந்த ஒரு சொல்லுக்காகவே நிறுத்தி வையுங்க.

நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்ட ஏற்ற மேட்டு இடத்துக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். உங்கள் ரசீதில் வர வேண்டிய சொல் அதுதான். 2008-ல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. ஓடு போட்ட வீடு அங்கே நிற்கிறது, வீட்டு நம்பர் இருக்கிறது, கரண்டு இருக்கிறது. ஆனாலும் கணக்கில் ‘நிலம்’ என்று இருந்தால், நாளைக்கு இடித்துவிட்டுப் புது வீடு கட்டப் பஞ்சாயத்தில் பிளான் கொடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். பேங்கில் லோன் கேட்டாலும் அதே கதை.

செய்ய வேண்டியது இது. சர்வே நம்பரை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்கும் கிருஷி பவனுக்கும் (விவசாய ஆபீஸ்) போங்க. ‘டேட்டா பேங்க்’ என்கிற நெல்வயல், ஈரநிலப் பட்டியலில் அந்த நம்பர் இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால், அதிலிருந்து நீக்கக் கேட்கும் மனு பாரம் 5. டேட்டா பேங்கில் இல்லை, வரிக் கணக்கில் மட்டும்தான் நிலம் என்றால், தரம் மாற்றும் மனு பாரம் 6. 25 செண்ட் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் 2017 டிசம்பர் 30-க்குப் பிறகு பெரிய துண்டிலிருந்து வெட்டி எடுத்த 12 செண்ட் என்றால் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீங்க. இந்த வேலையை விற்கிறவர் முடித்துத் தரட்டும். “நீங்க வாங்கினப்புறம் சுளுவா மாத்திக்கலாம்” என்று சொல்கிற ஆளிடம், சுளுவு என்றால் நீங்களே மாற்றிக் கொடுங்களேன் என்று சொல்லிப் பாருங்க.

எல்லையில் சொற்கள் இப்படித்தான் காலை வாரும். ‘ஆதாரம் கொண்டு வாங்க’ என்றதும் என் நாத்தனார் ஆதார் கார்டை நீட்டினாள். அவர்கள் கேட்டது கிரயப் பத்திரத்தை. ‘போக்குவரவு’ என்றால் பஸ் இல்லை, பட்டா மாறுதல் மாதிரி, கரம் உங்கள் பேருக்கு மாறுகிற வேலை. பதிவு முடிந்ததும் அதைச் செய்யாமல் விடக்கூடாது.

அடுத்தது மலிவு கணக்கு. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். கேரளத்தில் 8 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு. 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் தமிழ்நாட்டில் 2,70,000, கேரளத்தில் 3,00,000. வித்தியாசம் 30,000 தான், அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. தண்ணீர்தான் விஷயம். இந்தப் பக்கம் ஒரே வீதியில் போரில் தண்ணீர் வந்த செண்டுக்கு ஒரு விலை, வராத செண்டுக்கு ஒரு விலை. ஆழியாற்றுத் தண்ணீர் வருமே என்பார்கள். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அது சித்தூர் ஆயக்கட்டு வயலுக்கான தண்ணீர், உங்கள் குளியலறைக்கு வராது.

ஆகவே ஆடி மாசம் வீடு பார்க்க வராதீங்க. புரோக்கர்கள் ஆளைக் கூட்டி வருவதே அப்போதுதான். காற்று ஜில்லென்று வீசும், மலை பச்சையாக நிற்கும், கிணறு தளும்பும். பங்குனி, சித்திரையில், மத்தியானம் 3 மணிக்கு வாங்க. கிணற்றை எட்டிப் பாருங்க. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, “லாரித் தண்ணி வாங்குவீங்களாங்க?” என்று விசாரியுங்க. ஒரு வில்லங்கச் சான்றும் சொல்லாததை அந்த அம்மா சொல்லிவிடுவார்.

எங்கள் வீடு கான்கிரீட் தளம். பகலைவிட ராத்திரி 9 மணிக்குத்தான் வேகிறது. ஃபேன் போட்டால் அனல். ஏ.சி. வாங்க இப்போது வசதி இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வண்ணாமடை

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது அம்மிணி. கோபித்துக்கொள்ளாதீங்க, என் கதையும் இதே.

ஊரார் கட்டடத்துக்கெல்லாம் அளவு பிடித்துக்கொண்டிருந்த நான், 1998 ஆடியில் எங்கள் வீட்டை வாங்கினேன். கிணற்றில் குனிந்து சொம்பால் மொள்ளலாம் போலத் தண்ணீர். படுக்கையறை மேற்கே பார்த்தது. ஜன்னலைத் திறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படியே முகத்தில் அடித்தது. இவர் அங்கேயே பேரம் பேசாமல் தலையாட்டிவிட்டார். அடுத்த பங்குனியில் வாளி டங்கென்று பாறையில் இடித்தது. அந்த வருஷம் கடன் வாங்கி 640 அடி போர் போட்டோம். சித்திரையில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், பரண் மேல் ஏறித் தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்ட மாதிரி இருந்தது. மணி ஒன்பதரை. விற்றவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆடியில் போய்ப் பார்த்தது நான்தானே.

அஞ்சு அங்குலத் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கும். மேலே குடித்தது கீழே வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் கொட்டுகிறது. ஃபேன் பாவம், கூரைக்கடியில் நிற்கிற அனலைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். வெயில் தளத்தில் ஏறாமல் மேலேயே தடுத்தால்தான் வழி.

செலவு குறைந்தது சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றி வையுங்க. கொதிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீங்க, கண்ணில் தெறித்தால் ஆபத்து. மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, பெயிண்ட்காரர்கள் கலக்கிற பசை கொஞ்சம் சேர்த்து, தோசைமாவுக்கும் மோருக்கும் நடுவான பதத்தில் கரைக்கணும். மாடியை நன்றாகக் கூட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வெயில் இறங்கினபின் அடியுங்க. மத்தியான வெயிலில் அடித்தால் ஒட்டாமல் மாவாக உதிரும். ஒரு கோட் காய்ந்ததும் குறுக்கே இன்னொரு கோட். இதை மாசியிலேயே முடிக்கணும், வருஷா வருஷம் அடிக்கணும். முதல் மழைக்கு மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு விடாமல் குழாயைத் திருப்பி வையுங்க, சுண்ணாம்பு கரைந்து வரும்.

கையில் காசு வந்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து மேலே தட்டு ஓடு பதிக்கிற பழைய முறை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள். அதைச் சரியாகச் செய்கிற ஆள் இப்போது தேடித்தான் கிடைக்கும். சிமெண்டைப் பூசிவிட்டு அதே வேலை என்பவர்களை நம்ப வேண்டாம்.

மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பந்தல் போட்டுப் பீர்க்கனோ அவரையோ ஏற்றுங்க. திரைச்சீலை உள்ளே தொங்கினால் வெயில் கண்ணாடி தாண்டி வந்தபின்தான் தடுக்கும். மூங்கில் தட்டியோ கீற்றோ ஜன்னலுக்கு வெளியே தொங்கணும். காலை 9 மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்துங்க. பொழுது சாய்ந்து வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்தபின் எல்லாவற்றையும் திறங்க. மாமியார் “பகலில் காத்து வரட்டுமே” என்பார். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத்துறை வெப்ப அலை என்றே அறிவித்தது. அந்தக் காற்று உள்ளே எதற்கு?

வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் குளிரும் என்கிறார்கள். கொச்சியில் இருக்கும் என் தங்கை வீட்டில் கட்டினோம், புழுக்கம்தான் கூடியது. ஏமாற்றா?
– வாசகி, வேலந்தாவளம்

ஏமாற்று இல்லைங்க, ஊர் மாறிப்போச்சு. தட்டியில் இருக்கிற தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். காற்று வறண்டிருந்தால் வேகமாக ஆவியாகும். கொச்சிக் கடல் காற்று ஏற்கெனவே நனைந்த துணி, அது மேலும் என்னத்தை உறிஞ்சும்? நம்ம பக்கம் கதை வேறு. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை திறந்து கிடக்கிறது, கார்த்திகையிலிருந்து கிழக்கத்திக் காற்று உதட்டை வெடிக்க வைக்கிற அளவுக்குக் காய்ந்து வருகிறது. மாசி, பங்குனியில் வேலந்தாவளத்தில் கட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். கோடை மழை ரெண்டு பெய்து வேர்க்க ஆரம்பித்ததும் கழற்றிக் காயப்போட்டுச் சுருட்டி வைத்துவிடுங்க. தண்ணீர் நிரப்பும் ஏர் கூலருக்கும் இதே கணக்குதான்.

துபாயில் இருப்பவரின் வீடு. 42 லட்சம் பேசியிருக்கிறோம். அவருடைய மச்சான் பவர் பத்திரம் வைத்திருக்கிறார், அவரே கையெழுத்துப் போடுவாராம். 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரிப் பிடித்தம் வேண்டாம் என்கிறார். சரிதானா?
– வாசகர், மீனாட்சிபுரம்

50 லட்சக் கணக்கு உள்ளூர்க்காரர் விற்றால்தான். விற்கிறவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பே கிடையாது. பிடிக்க வேண்டிய விகிதமும் 1 சதவீதம் இல்லை, பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரி ஆபீஸ் உங்கள் கதவைத்தான் தட்டும். குறைவாகப் பிடிக்க வேண்டும் என்றால், விற்கிறவர் அந்த ஆபீசிலேயே சான்று வாங்கித் தரலாம். ஆடிட்டர் ஒருவரைப் பிடியுங்க, அந்தக் கூலிக்கு யோசிக்காதீங்க.

பவர் விஷயம். மச்சான் முகவர் மட்டும்தான். அவர் மூலம் முறையான கிரயப் பத்திரம் பதிவானால்தான் வீடு உங்களுடையது. “பவரையே உங்க பேருக்கு எழுதிடறேன், அது போதும்” என்று பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்க. பவர் மூலம் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. துபாயில் எழுதின பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றதா, இங்கே வந்தபின் முத்திரை வைத்ததா என்று பாருங்க. பதிவு நாளன்று உரிமையாளரிடம் வீடியோ காலில் இரண்டு வார்த்தை பேசிவிடுங்க. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போச்சு என்பதற்காகத்தான் சொல்கிறேன். பணம் அவர் கணக்குக்குப் போகட்டும், மச்சான் கைக்கு வேண்டாம்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளை வெட்டி சைட் போடுகிறார்கள். 5 செண்ட் வாங்கலாமா? விலை இன்னும் ஏறுமா?
– வாசகர், ஆனைமலை

ஏறுமா இறங்குமா என்பதற்கு நான் குறி சொல்ல முடியாது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து காய்ப்பு போன தோப்பைத்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள், அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. மனையை மட்டும் சொல்கிறேன். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் நம்பரைக் கேளுங்க. “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று பேனரில் எழுதியிருந்தால் பைக்கைத் திருப்பிக்கங்க. அப்ரூவல் இல்லாத மனைகளில், 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவானதற்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. சைட்டுக்குள் போகிற ரோட்டைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்க. அது இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் வாசல் வழி இன்னொருத்தர் சொத்து. அப்ரூவ்டு மனை கிடைத்தால் வீடு கட்டுவது முன்னைவிட லேசு. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலையிலிருந்து ஆன்லைனில் சுயசான்று அனுமதி உண்டு.

மூலையில் ஒரு நல்ல மரம் நின்றால் அதை விட்டுவைக்கச் சொல்லி மனை பிடியுங்க. மேற்கு மூலை என்றால் இன்னும் நல்லது.

ஏ.சி. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?
– வாசகர், கோபாலபுரம்

குளிராது. சாதா ஏ.சி. 18-லும் 24-லும் ஒரே வேகத்தில்தான் ஓடும், 18-ல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் கரண்டு 6 சதவீதம் மிச்சம் என்பது அரசு எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்க. ஃபேன் வாங்குவதாக இருந்தால் பி.எல்.டி.சி. வாங்குங்க, பழசு 75 வாட் இழுக்கும், இது 30 வாட் சொச்சம்.

மாடி டேங்கில் காலை 10 மணிக்கே தண்ணீர் சுடுகிறது. குளிக்க முடியவில்லை.
– வாசகி, எருத்தேன்பதி

கறுப்பு டேங்க்தானே? வெள்ளை அடித்து, மேலே கீற்று வேயுங்க, ஈரச் சாக்கும் சுற்றலாம். டேங்கைவிட மோசம், மேற்குச் சுவரில் வெயில் பட ஓடுகிற பைப். முதல் ஒரு வாளி கொதிக்கும், அப்புறம் ஆறும். அந்த முதல் வாளியை எண்ணெய்ப் பாத்திரம் கழுவப் பிடித்து வையுங்க. காசில்லாத வெந்நீர்.