கூகுள் தேடலைப் பார்த்துக் காற்றாலை வாங்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறேன். உடுமலை அருகே ஒரு பழைய 250 கிலோவாட் காற்றாலையில் பங்கு விலைக்கு வருகிறது. தரகர் ஒரு வரைபடம் காட்டினார். கூகுளில் ‘மின்சார ஸ்கூட்டர்’ என்று தேடுவது கூடக் கூட காற்றாலை மின் உற்பத்தியும் கூடுகிறதாம். இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.98 என்கிறார், 1 என்றால் முழுப் பொருத்தமாம். நம்பிப் பணம் போடலாமா?

பதில்: இந்தப் படத்தை நம்பிப் போடாதீர்கள். 0.98 பொய்யாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் வாங்கப்போகும் காத்தாடியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுறவு பெரும்பாலும் 1-ஐ நெருங்கித்தான் வரும். இந்தியாவின் சோலார் நிறுவுதிறன் 2014 மார்ச்சில் 3 ஜிகாவாட்டுக்கும் குறைவு. 2024 மார்ச்சில் சுமார் 82. அதே பத்து வருடத்தில் வளர்ந்த எதையும் இதோடு ஜோடி சேர்த்துவிடலாம். இறங்குமுகத்திலும் இதே கதைதான். இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த கல்யாணங்களின் பங்கும் நாட்டின் இறப்பு விகிதமும் 1866 முதல் 1911 வரை சேர்ந்தே குறைந்தன, ஒட்டுறவு 0.95. சர்ச்சில் கல்யாணம் செய்வதை நிறுத்தினால் சாவு குறையுமா? யூல் என்ற புள்ளியியலாளர் 1926-லேயே இதைக் காட்டி எச்சரித்துவிட்டார்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஐந்து வருடத் தேடல் அளவு 20, 32, 41, 55, 60 என்றும், மின் உற்பத்தி 100, 118, 140, 153, 175 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறுகின்றன, எக்செலில் போட்டால் ஒட்டுறவு 0.98. இப்போது ஒவ்வொரு வருடமும் எவ்வளவு கூடியது என்று மட்டும் எடுங்கள். தேடலில் 12, 9, 14, 5. மின்சாரத்தில் 18, 22, 13, 22. தேடல் அதிகம் கூடிய வருடத்தில் மின்சாரம் குறைவாகத்தான் கூடியிருக்கிறது! ஒட்டுறவு மைனஸ் 0.88 ஆகிவிடுகிறது. தரகரின் எண்களிலும் இந்தக் கழித்தலைச் செய்யச் சொல்லுங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸ் தருவது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு அது.

மாதவாரிப் படம் காட்டினால் இன்னும் உஷாராக இருங்கள். ‘குற்றாலம் சீசன்’ என்ற தேடலும் உடுமலைக் காற்றாலை உற்பத்தியும் அழகாகப் பொருந்தும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது தென்மேற்குப் பருவக்காற்று. அருவியில் தண்ணீர் விழவைப்பதும் அதுதான், பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து நம் பக்கம் ஆடியில் அம்மியைப் பறக்கவைப்பதும் அதுதான்.

சரி, வேறு எதைப் பார்த்து முடிவெடுப்பது? இறக்கையைச் சுற்றுவது காற்று மட்டுமே. அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டரிலிருந்து 6 ஆனால் காற்றிலுள்ள சக்தி 73 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. அதனால் ஒரே ஊரில் இரண்டு காத்தாடிகளுக்கு நடுவிலேயே வருமானம் நிறைய மாறும். மாநிலம் முழுக்க எவ்வளவு உற்பத்தி என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. அது கூடியதற்குப் புதிதாக நட்ட பெரிய இயந்திரங்களே காரணமாக இருக்கலாம். பழைய 250 கிலோவாட் இயந்திரம் அதனால் ஒரு யூனிட் கூட அதிகம் தராது.

அந்த ஒரு காத்தாடியின் மீட்டர் ரீடிங்கை மாதவாரியாகக் கேளுங்கள், குறைந்தது ஐந்து வருடத்துக்கு. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தனியாகக் கூட்டி, வருடத்துக்கு வருடம் ஒப்பிடுங்கள். நல்ல காற்றடித்த மாதத்தில் உற்பத்தி குறைந்திருந்தால் பழுதா, கிரிட்டில் (மின்சாரத்தை வாங்கிக் கடத்தும் மின்கட்டமைப்பில்) இருந்து நிறுத்தச் சொன்னார்களா என்று விசாரியுங்கள். கியர்பாக்ஸ் எப்போது மாற்றினார்கள், நிலத்தின் குத்தகை எப்போது முடிகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள்கள் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.