சர்வருக்குள் போனபின் டெர்மினலில் மேலே ஸ்க்ரோல் செய்தால் பழைய வரிகள் வருவதில்லை, எழுத்தும் பொடியாக இருக்கிறது. எங்கே மாற்றுவது?

அமைப்புகளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அந்த எண் ஒருமுறை அலுவலகத்தில் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் நீட்டித்தான் எழுதப்போகிறேன். அவசரக்காரர்கள் அடுத்த இரண்டு பத்திகளையும், கீழே எழுத்தளவு பற்றி வரும் பத்தியையும் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

நீங்கள் எந்த டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) என்று சொல்லவில்லை. ‘சர்வருக்குள் போனபின்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது, விண்டோஸ் மடிக்கணினி கொடுத்திருப்பார்கள், அதிலிருந்து புட்டி (PuTTY, தொலைவில் உள்ள சர்வரோடு இணைக்கும் நிரல்) வழியாக ஏதோ ஒரு லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால், புட்டி சாளரத்தின் தலைப்புப் பட்டையில் வலது க்ளிக் செய்து ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ திறங்கள். இடப்பக்கப் பட்டியலில் ‘விண்டோ’. அங்கே ‘லைன்ஸ் ஆஃப் ஸ்க்ரோல்பேக்’ (மேலே உருட்டிப் பார்க்க எத்தனை வரிகளை வைத்திருப்பது) என்று ஒரு பெட்டி இருக்கும். பழைய பதிப்புகளில் அதில் வெறும் 200 இருந்தது, இப்போது 2000. நான் 1,00,000 வைத்திருக்கிறேன். இன்றைய கணினிகளின் நினைவகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அதற்குக் கீழேயே இரண்டு சிறு கட்டங்கள். ஒன்று, விசையைத் தட்டினால் திரை கடைசி வரிக்கு வர வேண்டுமா என்பது. இன்னொன்று, சர்வரிலிருந்து புதிதாக ஏதாவது வந்தால் கடைசி வரிக்கு வர வேண்டுமா என்பது. இரண்டாவதை எடுத்துவிடுங்கள். லாக் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே போய் ஒரு பிழையைப் படிக்க முயல்வோம், பாதி படிப்பதற்குள் திரை கீழே குதித்துவிடும். அந்தக் கட்டம்தான் காரணம். மாற்றியதைச் சேமிக்கவும் மறக்காதீர்கள். புட்டியைப் புதிதாகத் திறந்து, ‘டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘லோட்’ கொடுத்து, மாற்றி, மறுபடி ‘செஷன்’ பக்கத்துக்கு வந்து ‘சேவ்’ கொடுக்க வேண்டும். முன்பே பெயர் கொடுத்துச் சேமித்த இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டியதுதான். திறந்திருக்கும் சாளரத்தில் மட்டும் மாற்றினால் அதை மூடியதும் எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இனி என் கதை.

ஒரு வெளி நிறுவனம் எங்கள் தரவுதளத்தைப் புதிய சேமிப்பகத்துக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் எடுத்திருந்தது. பெயர் வேண்டாம். சனிக்கிழமை இரவு வேலை. கட்டளைகளை அவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள், எங்கள் பக்கம் நான் தட்ட வேண்டும். சர்வர் எங்களுடையது என்பதால் அவர்களுக்கு நேரடி அனுமதி கிடையாது. முதல் படி, அவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு சோதனை ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பு). இடமிருக்கிறதா, அனுமதிகள் சரியா என்றெல்லாம் பார்த்து ஆயிரக்கணக்கில் வரிகளைக் கொட்டும். கொட்டியது. கடைசி வரியில் ‘நிறைவடைந்தது’ என்று வந்தது. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஓடியதைப் பார்த்து மேலே உருட்டினேன். தற்காலிகக் கோப்பகம் இருக்கும் வட்டில் இடம் போதாது என்று எச்சரிக்கை. அப்படியே வாசித்துக் காட்டினேன். “அது எப்போதும் வருவதுதான் மேடம், நீங்கள் தொடருங்கள்” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

தொடர்ந்தேன். விடியற்காலையில் அந்த இடப் பற்றாக்குறையாலேயே மாற்றம் பாதியில் நின்றது. பழைய தரவு பத்திரமாக இருந்ததால் பெரிய சேதமில்லை. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த நிறுவனத்தின் மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? “உங்கள் தரப்பில் முன்சோதனையை ஓட்டாமலே அடுத்த படிக்குப் போயிருக்கிறார்கள்.” அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மேலாளர் உட்பட. அந்த ஸ்கிரிப்ட் தன் முடிவுகளை எந்தக் கோப்பிலும் எழுதி வைக்காது. திரையில் கொட்டுவதோடு சரி. அது அவருக்கும் தெரியும்.

என் மடிக்கணினியில் அந்தப் புட்டி சாளரம் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போதோ இணைப்பு அறுந்து, தலைப்பில் ‘இனாக்டிவ்’ என்று காட்டிக்கொண்டிருந்தது. இணைப்பு போனாலும் சாளரத்தை மூடாதவரை வரிகள் எங்கேயும் போவதில்லை. ப்ரொஜெக்டரில் போட்டேன், மேலே உருட்டினேன். என் ப்ராம்ப்ட்டில் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியின் தொடக்கம்) மணி, நிமிடம், நொடி காட்டும்படி வைத்திருப்பேன். 01:42-க்கு அவர்களுடைய ஸ்கிரிப்ட். அதன் நடுவே மஞ்சள் எச்சரிக்கை. 01:58-க்கு அடுத்த கட்டளை. இடையில் இருந்த பதினாறு நிமிடங்கள் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பதற்குத் தொலைபேசியில் அழைப்புப் பதிவு இருந்தது. அந்த மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு, “இதை எங்கள் குழுவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

புட்டியின் பழைய 200 வரிகளிலோ இப்போதைய 2000-லோ இருந்திருந்தால் அந்த எச்சரிக்கை அன்றிரவே மேலே போய் மறைந்திருக்கும். நான் சொல்வதும் அவர் சொல்வதும் சமம் என்றாகியிருக்கும். அப்படிச் சமமாகும்போது யார் பக்கம் சாய்வார்கள் என்பது இரவுப்பணியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘முக்கியமான வேலைக்குப் பதிவுக் கோப்பு வைக்க வேண்டும், ஸ்க்ரோல்பேக்கை நம்பக்கூடாது’ என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பது தெரியும். சரிதான். வைக்கிறேன். புட்டியிலேயே ‘செஷன்’ என்பதன் கீழ் ‘லாகிங்’ இருக்கிறது, கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் தானாகச் சேரும்படி செய்யலாம். லினக்ஸ் பக்கம் ‘ஸ்கிரிப்ட்’ (script) என்ற கட்டளையே இதற்காக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல் தட்டும்போது திரையில் தெரியாததால் பதிவிலும் விழாது, ஆனால் ஏதாவது அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்து அதில் கடவுச்சொல் இருந்தால் அது அப்படியே பதிவாகிவிடும். பதிவு வைப்பது வேறு, கண்ணெதிரே உருட்டிப் பார்ப்பது வேறு. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எண்ணை ஏற்றிய பிறகும் சிலருக்கு வரிகள் வராது. காரணம் பெரும்பாலும் டிமக்ஸ் (tmux), ஒரே டெர்மினலுக்குள் பல அமர்வுகளை வைத்திருக்கும் நிரல். அது திரை முழுவதையும் தன் வசம் எடுத்துக்கொண்டு, வரிகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். புட்டியின் எண்ணுக்கு அங்கே வேலையில்லை. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் டிமக்ஸுக்குள் நுழைவதற்கு முந்தைய வரிகள்தான் தெரியும். லினக்ஸ் மேசைத்தளத்தில் வரும் க்னோம் டெர்மினலில் இன்னும் வேடிக்கை: அங்கே சக்கரம் மேல் அம்பு விசையாக மாறிவிடும், நீங்கள் முன்பு தட்டிய கட்டளைகள் ஒவ்வொன்றாக ப்ராம்ப்ட்டில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் கை தவறி என்டர் தட்டிவிட்டால், போன வாரம் எதையோ அழிக்க எழுதிய கட்டளை மறுபடி ஓடலாம். டிமக்ஸில் கண்ட்ரோல், பி அழுத்திவிட்டு இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் மேலே போகலாம், கியூ தட்டினால் வெளியே வரலாம். அதற்கு இயல்பான வரம்பு 2000 வரிகள். அமைப்புக் கோப்பில் ‘ஹிஸ்டரி லிமிட்’ என்பதை உயர்த்துங்கள், மவுஸையும் இயக்கிவிடுங்கள். உயர்த்திய எண் அதற்குப் பின் திறக்கும் சாளரங்களுக்குத்தான் செல்லும், ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய வரம்பிலேயே இருக்கும். ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல்.

கோப்பைப் படிக்க உதவும் லெஸ், திருத்த உதவும் விம் போன்றவையும் இப்படி மாற்றுத் திரையில்தான் திறக்கும். வெளியே வந்ததும் பார்த்ததெல்லாம் மறைந்து பழைய ப்ராம்ப்ட் வந்து நிற்பது அதனால்தான். லெஸ்ஸுக்குப் பெரிய எழுத்து எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால் படித்த பக்கம் திரையிலேயே தங்கும். நீண்ட வரிகள் மடங்கி மடங்கிக் கண்ணைக் குத்தினால் பெரிய எழுத்து எஸ் கொடுங்கள், வரி மடங்காது, வலது அம்பு விசையால் நகர்த்திப் பார்க்கலாம். ‘கிளியர்’ கட்டளையை அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல டெர்மினல்களில் அது திரையோடு சேர்த்து மேலே சேமித்திருந்த வரிகளையும் துடைத்துவிடும். கண்ட்ரோல், எல் போதும்.

டெர்மினல் திடீரென்று உறைந்து, எதைத் தட்டினாலும் வராமல் நின்றால், வேர்டில் கோப்பைச் சேமிக்கிற பழக்கத்தில் கண்ட்ரோல், எஸ் அழுத்தியிருப்பீர்கள். டெலிடைப் காலத்திலிருந்து வரும் ‘நிறுத்து’ குறிப்பு அது. கண்ட்ரோல், கியூ அழுத்தினால் உயிர் வரும். டெலிடைப்பில் இந்த ஸ்க்ரோல் தொல்லையே இல்லை, எல்லாம் தாளில் அச்சாகிச் சுருண்டு கிடக்கும். 1978-ல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 போன்ற திரைகளில்தான் மேலே போன வரி போனதுதான் என்ற நிலைமை. 80 எழுத்து அகலம், 24 வரி. இன்று நாம் திறக்கும் டெர்மினல்கள் பலவும் அதே அளவில் திறப்பது அந்த வழிவந்த பழக்கம்.

சர்வர் அறைக்கே போய், திரையை நேரடியாக இணைத்து வேலை செய்கிறவராக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஷிஃப்ட், பேஜ் அப் அழுத்தினால் மேலே போகும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இப்போது பெரும்பாலும் போகாது. 2020-ல் வந்த லினக்ஸ் 5.9 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்தப் பகுதியை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நீக்கிவிட்டார். பாதுகாப்புப் பிழை ஒன்று வெளிவந்தது, பராமரிக்கவும் ஆளில்லை. அங்கே டிமக்ஸோ லெஸ்ஸோதான் கதி.

எழுத்தளவுக்கு வருகிறேன். புட்டியில் ‘விண்டோ’ என்பதன் கீழ் ‘அப்பியரன்ஸ்’. கூரியர் நியூ 10 என்று இருக்கும். கன்சோலாஸ் 16 ஆக்குங்கள். க்னோம் டெர்மினலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், கூட்டல் குறி. கறுப்புப் பின்னணியில் கோப்பகப் பெயர்கள் கருநீலமாக வந்து படிக்க முடியாவிட்டால் ‘கலர்ஸ்’ பக்கத்தில் ஆன்சி நீலம் இரண்டையும் வெளிர் நீலமாக்கிவிடுங்கள். என் எழுத்தளவைப் பார்த்து எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் “இது டெர்மினலா, பஸ் பெயர்ப்பலகையா?” என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு வெள்ளைப் பின்னணி வேறு. உண்மையான ஆட்கள் கறுப்பில்தான் வேலை செய்வார்களாம். மேலே சொன்ன கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து அந்த எச்சரிக்கையை முதலில் உரக்கப் படித்தவர் அவர்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதறித் தெரிந்தால் எழுத்துருவை மட்டும் குறை சொல்லாதீர்கள். டெர்மினல் திரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன, திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கணக்குப் போடும் நிரலுக்கு இது பிடிபடுவதில்லை. டெர்மினலுக்கு டெர்மினல் இது மாறும், இரண்டு மூன்றை நிறுவிப் பார்ப்பதுதான் வழி.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழைச்செய்தி வந்தால் அதைத் தயவுசெய்து கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சாய்ந்த திரை, நடுவில் டியூப்லைட் வெளிச்சம், மூலையில் உங்கள் கட்டைவிரல், எனக்கு வேண்டிய வரி மட்டும் படத்துக்கு வெளியே. இரவு இரண்டு மணிக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பூஜ்யமா ஓ-வா என்று கண்டுபிடித்துத் தட்டுகிறவர்களும் மனிதர்கள்தான். புட்டியில் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாலே நகலாகிவிடும், வேறெதுவும் அழுத்த வேண்டியதில்லை. (வலது க்ளிக் செய்தால் நகலெடுத்தது அப்படியே ப்ராம்ப்ட்டில் ஒட்டிக்கொள்ளும், அதில் வரிமுடிவு இருந்தால் ஓடவும் தொடங்கிவிடலாம். அதனால் டெர்மினலில் வலது பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.)

எல்லாம் மாற்றி, சேமித்து, புதிதாக இணைந்தபின் ‘செக்’ (seq) கட்டளையால் 1 முதல் 20000 வரை எண்களை ஓடவிட்டு, ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். 1 தெரிந்தால் முடிந்தது. 18000-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் புட்டியின் எண் சேமிக்கப்படவில்லை. ஓடிய எண்களே வராமல் அதற்கு முன் இருந்தவை வந்தால் டிமக்ஸுக்குள் இருக்கிறீர்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் எந்த டெர்மினல், எந்தப் பதிப்பு என்று கேள்வியில் சேர்த்து எழுதுங்கள், பார்க்கிறேன். எழுத்தாக எழுதுங்கள், படம் வேண்டாம்.