கிம்ச்சியைப் பிழிந்தீர்களா? உருளைக்கிழங்கு ஹாஷ் கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு காலை உணவுக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். கிம்ச்சியும் முட்டையும் சேர்த்த உருளைக்கிழங்கு ஹாஷ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, அகலமான இரும்புச் சட்டியில் அடி முறுகும்வரை விட்டு, மேலே முட்டையை உடைத்து ஊற்றினால் அது ஹாஷ். அமெரிக்கச் சாலையோரக் கடைகளின் பழைய காலை உணவு. உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் புளிக்கவைத்த கொரிய முட்டைக்கோஸான கிம்ச்சி அதில் சேர்ந்தது இங்கே குடியேறிய கொரியர்களால். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து: அக்கா, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். நான் செய்தால் பொரியலும் இல்லாமல் மசியலும் இல்லாமல் ஏதோ ஒன்று வருகிறது.

சரி, முழுசாகவே சொல்கிறேன், மற்ற பாதிக் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

இரண்டு பேருக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு. ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்பு சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததிலிருந்து நான்கு ஐந்து நிமிடம். கத்தி நுழைய வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மேலே ஈரம் இருந்தால் சட்டியின் சூடு முழுக்க அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். ஈரம் தீர்ந்தால்தான் கிழங்கின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டும், அதற்கப்புறம்தான் சிவக்கும்.

சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் கரண்டியைத் தொடவே வேண்டாம். அடி பொன்னிறமாகித் தானாகப் பிடி விடும்போது திருப்புங்கள். மறுபக்கமும் அப்படியே.

இனி கிம்ச்சி. 150 கிராம் எடுத்துக் கையால் நன்றாகப் பிழியுங்கள். சாற்றைக் கொட்டாதீர்கள், ஒரு கிண்ணத்தில் வையுங்கள். பிழிந்ததை நறுக்கி, கிழங்கை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சட்டியின் காலியான பக்கத்தில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். ஓரம் கருஞ்சிவப்பானதும் இரண்டையும் கலக்கலாம். முட்டைக்குக் குழி செய்து உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி போட்டு இரண்டு மூன்று நிமிடம். இறக்கும்போது எடுத்துவைத்த சாற்றில் ஒரு மேசைக்கரண்டி தெளியுங்கள், அவ்வளவுதான்.

கிழங்குக்குத் தனியாக உப்பு தூவ வேண்டாம். கிம்ச்சியிலேயே ஏறக்குறைய 2 சதவீதம் உப்பு இருக்கிறது.

கோவையிலிருந்து: கிழங்கையும் கிம்ச்சியையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தால் வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம், ஆனால் கிழங்கு வேகாது. புளிக்குழம்பில் காய் வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதேதான் இங்கேயும். காய்கறியின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெக்டின். அமிலம் இருந்தால் அது சீக்கிரம் கரையாது. பதமாகப் புளித்த கிம்ச்சியின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.2 முதல் 4.5 வரை இருக்கும், அதுவே போதும் கிழங்கை நறுக்கென்று நிறுத்திவைக்க. போதாததற்குக் கிம்ச்சியின் தண்ணீர் வேறு. புளிப்பும் ஈரமும் கிழங்கு முறுகிய பிறகுதான் சட்டிக்குள் வர வேண்டும்.

இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கிழங்கு வேகவைக்கும்போது உடைந்து உடைந்து போகிறது என்றால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். உள்ளே வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஆப்ப சோடா இதற்கு நேர் எதிர். 2 லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் மேல்பக்கம் கூழாகி, வறுக்கும்போது மொறுமொறுவென்று ஓடு கட்டும். ஓவனில் சுடும் பெரிய துண்டுகளுக்கு அருமையான வழி. ஹாஷின் சிறு துண்டுகளுக்கு வேண்டாம், கரைந்துவிடும்.

திருச்சியிலிருந்து: எந்த உருளைக்கிழங்கு வாங்குவது?

மாவுச்சத்து அதிகமுள்ள பழைய கிழங்கு. புதிதாகத் தோண்டிய, தோல் உரிந்து உரிந்து வருகிற கிழங்கில் தண்ணீர் அதிகம், முறுகாது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ரசெட் நன்றாக முறுகும், ஆனால் உடையும். யூகான் கோல்ட் உடையாது, வெண்ணெய் மாதிரி ருசி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1980-ல் வெளியிட்ட ரகம் அது. என் கை அதற்குத்தான் போகும். உங்கள் ஊரில் ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம்.

சார்ஜாவிலிருந்து: உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடுகிறது. தீயைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கிறீர்களா? அப்படியானால் தீயின் மேல் தப்பில்லை. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் சட்டியில் பட்டதும் கருகுகிறது. வெறும் கருகல் என்று விட்டுவிடவும் கூடாது. சர்க்கரை ஏறிய கிழங்கை அதிக சூட்டில் வறுத்தால், புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற பொருள் கூடுதலாக உண்டாகும். அது உணவில் இருப்பதை 2002-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு சிப்ஸ் கம்பெனிகள் கிழங்கைச் சேமிக்கும் முறையையே கவனிக்க ஆரம்பித்தன. வெளியே, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் தீர்ப்பதே நல்லது.

மதுரையிலிருந்து: சொதசொதவென்று வருகிறது, ஏன்?

கிம்ச்சியைப் பிழிந்தீர்களா? முதல் பதிலைப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து: கிம்ச்சியைச் சட்டியில் வதக்கினால் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துவிடும். புளிக்கவைத்ததன் பயனே போய்விடுகிறது. இதைச் சொல்லித்தருவது சரியா?

பாக்டீரியா சாகும் என்பது உண்மை. கிம்ச்சியைப் புளிக்கவைக்கும் லியூகோநோஸ்டாக், லாக்டோபாசில்லஸ் வகைகள் சட்டியின் சூட்டைத் தாங்காது. ஆனால் பயன் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை வாரக்கணக்காக உருவாக்கிவைத்த புளிப்பும் மணமும் அப்படியேதான் இருக்கின்றன. கொரிய வீடுகளில் கிம்ச்சி நன்றாகப் புளித்துப் பச்சையாகத் தின்ன முடியாத நிலைக்கு வந்ததும் அடுப்புக்குப் போகும். கிம்ச்சி ஜிகே என்கிற குழம்பு, கிம்ச்சி பொக்கும்பாப் என்கிற வறுத்த சோறு, மாவில் கலந்து சுடும் கிம்ச்சிஜொன், எல்லாமே அப்படி வந்தவைதான். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் பரிமாறும்போது ஒரு கரண்டி பச்சைக் கிம்ச்சியை மேலே வையுங்கள். ருசிக்கும் அது நல்லது.

டொராண்டோவிலிருந்து: அக்கா சொல்வது சரி. நான் சியோலில் படித்தபோது வீட்டுக்கார அம்மா புதுக் கிம்ச்சியை அடுப்பில் வைக்க விடவே மாட்டார். பழையதுதான் சட்டிக்கு.

ஆமாம். ஒரு வருடத்துக்கும் மேல் வைத்த முகுன்ஜி என்றே தனியாக ஒன்று உண்டு, சமையலுக்கு அதைத்தான் தேடுவார்கள். புதுக் கிம்ச்சியை வதக்கினால் வெறும் முட்டைக்கோஸ் பொரியல் ருசிதான் வரும்.

மறுபடி பெங்களூரிலிருந்து: குழம்பு வேறு. அமெரிக்கக் காலை உணவில் கிம்ச்சியைப் போடுவது அந்த மக்களின் பாரம்பரியத்தை அலங்காரப் பொருளாக்குவது இல்லையா? கிம்ச்சி செய்வதற்கு யுனெஸ்கோ அங்கீகாரமே இருக்கிறது.

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். யுனெஸ்கோ பட்டியலில் 2013-ல் சேர்ந்தது கிம்ஜாங். குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. வட கொரியாவின் வழக்கம் 2015-ல் சேர்ந்தது. கிம்ச்சியை எதோடு சாப்பிட வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

அமெரிக்கச் சாப்பாட்டோடு கிம்ச்சி சேர்ந்தது ஏதோ இன்றைய ஃபேஷன் என்றும் நினைக்காதீர்கள். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குப் பிறகு, உயிஜொங்பு போன்ற ஊர்களில் அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வெளியே வந்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் பசியாறினார்கள். அதுதான் பூடே ஜிகே. இன்றைக்கும் அந்த ஊரில் அதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது.

திரும்பவும் பெங்களூரிலிருந்து: அது பஞ்சத்தில் செய்தது. கடையில் பணம் கொடுத்துத் தின்பது வேறு.

கஷ்டத்தில் பிறந்ததைத்தான் கொரியர்கள் இன்று விரும்பித் தின்கிறார்கள், காசு கொடுத்தே தின்கிறார்கள். அதில் குறைவு எதுவும் இல்லை. இந்த நகரத்தில் 2008-ல் கோகி என்ற வண்டிக்கடையைத் தொடங்கியவர்களில் ஒருவர் ராய் சோய், சியோலில் பிறந்து இங்கே வளர்ந்தவர். மெக்சிகோவின் மடித்த ரொட்டியான டாக்கோவில் கொரிய இறைச்சியையும், சீஸ் வைத்துச் சுடும் ரொட்டியான கேசடியாவில் கிம்ச்சியையும் வைத்தார். கிம்ச்சி யாருடையது என்பதை மறைக்காமல், சரியாகப் புளித்ததை வாங்கி, சரியாகச் சமைத்தால் அது மரியாதைதான். புளிக்கவே வைக்காமல் வினிகர் ஊற்றி மிளகாய்த்தூள் தூவி அதைக் கிம்ச்சி என்று விற்பதுதான் எனக்கு வலிக்கிறது. அதை எதிர்த்து நீங்கள் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: அப்படியானால் சீனாவில் உப்புநீரில் புளிக்கவைக்கும் காய்கறியான பாவ்சாயும் கிம்ச்சியும் ஒன்றா? பெரிய சண்டை நடந்ததே.

ஒன்றில்லை. 2020-ல் பாவ்சாய்க்குச் சர்வதேசத் தரம் வந்தபோது அந்த ஆவணத்திலேயே இது கிம்ச்சிக்குப் பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள். கிம்ச்சிக்கு 2001-லேயே கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பின் தரம் வந்துவிட்டது. சண்டையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், சமையல் கேள்விகள் காத்திருக்கின்றன.

சேலத்திலிருந்து: முட்டை சாப்பிடுவோம், மீன் ஆகாது. கடைக் கிம்ச்சி வாங்கலாமா?

பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். வழக்கமான கிம்ச்சியில் நெத்திலிச் சாறோ உப்பிட்ட பொடி இறாலோ இருக்கும். கொரியாவின் பௌத்த மடங்களில் மீன், இறால் மட்டுமில்லை, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காமல் கிம்ச்சி போடுகிறார்கள். அதனால் மீன் இல்லாததைக் கிம்ச்சியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் போட்டால் மீன் சாறுக்குப் பதில் சோயா சாஸும் 'கொம்பு' என்கிற கடற்பாசி வேகவைத்த தண்ணீரும் போதும்.

சென்னையிலிருந்து: நல்ல கிம்ச்சி இங்கே எங்கே கிடைக்கும்?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை வந்ததிலிருந்து உங்கள் ஊரில் கொரியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கான மளிகைக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அங்கே போய்ப் புளித்த கிம்ச்சி வேண்டும் என்று கேளுங்கள். வாங்கி வந்ததும் ஜாடி மூடியை ஒரு தடவை திறந்து வாயுவை விடுங்கள். புளிக்கும்போது கரியமில வாயு வரும். இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடி வெடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, என்ன செய்வது?

பிழியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: கொரியச் சமையலில் விடும் எள்ளெண்ணெய்க்குப் பதில் நம் நல்லெண்ணெய் விடலாமா?

வதக்கத் தாராளமாக விடலாம். ஆனால் கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. சமையல் முடிந்த பிறகு மணத்துக்காகச் சில சொட்டு விடுவது. நம் செக்கெண்ணெயில் அந்த மணம் வராது. கொஞ்சம் எள்ளைச் சிவக்க வறுத்து, உள்ளங்கையில் கசக்கித் தூவிவிடுங்கள். பல நேரம் எனக்கு எண்ணெயைவிட அதுவே பிடிக்கிறது.

நெல்லையிலிருந்து: இரும்புத் தோசைக்கல்லில் செய்யலாமா? புளிப்பு பட்டால் கெடுமா?

செய்யலாம், அதில்தான் நன்றாக வரும். பழகிய கல்லுக்கு ஐந்து நிமிடப் புளிப்பு ஒன்றும் செய்யாது. சமைத்ததை அதிலேயே விட்டுவைக்காதீர்கள், இரும்பு வாடை ஏறும். அலுமினியச் சட்டி வேண்டாம்.

நியூ ஜெர்சியிலிருந்து: கிம்ச்சி மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

மெல்லிய, வழவழப்பான வெள்ளைப் படலம் என்றால் பெரும்பாலும் ஈஸ்ட். மேலே இருப்பதை எடுத்துவிட்டு, மீதியைக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுவார்கள். பஞ்சு மாதிரி முளைத்து, பச்சை, கறுப்பு, நீல நிறம் தெரிந்தால் ஜாடியோடு குப்பையில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கிம்ச்சியைச் சாற்றுக்குள் அமுக்கி மூடிவையுங்கள். மூடியை இறுக்காதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: கர்ப்பிணி மகளுக்குச் செய்து தரலாமா?

முட்டையின் மஞ்சள் கருவும் முழுக்க இறுகும்வரை வேகவையுங்கள் அம்மா, 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். கிம்ச்சி பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில்தான். என் வேலை சட்டியோடு முடிகிறது.

ஹூஸ்டனிலிருந்து: உறையவைத்த பாக்கெட் கிழங்கு?

பனி விடவைக்காமல் நேராகக் காய்ந்த எண்ணெயில் போடுங்கள். பனி உருகினால் ஈரம்.

தஞ்சாவூரிலிருந்து: அக்கா, எல்லாம் செய்தேன், மொறுமொறுப்பாக வரவில்லை. கிம்ச்சி பிழிந்தேன்.

கிழங்கை ஆறவிட்டீர்களா? ஒரே அடுக்காகப் பரப்பினீர்களா? இரண்டும் செய்திருந்தால் சட்டி சிறியது. இரண்டு தடவையாக வறுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: மிச்சமானால்?

முட்டை இல்லாமல் ஹாஷை மட்டும் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பரப்பி மறுபடி முறுகவிடுங்கள். முட்டையைப் புதிதாக உடைத்து ஊற்றுங்கள்.