பெயரே வாயில் நுழையாத மெனுவும் ஒரு கொண்டாட்டமும்

கேள்வி: எங்கள் தோழி ஒருத்தி பல வருடம் விட்டு விட்டுப் படித்து, ஒரு வழியாக முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். அதைக் கொண்டாட ஆறு பேர் ஓர் இத்தாலிய உணவகத்துக்குப் போகிறோம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. மெனுவைப் பார்த்தேன், பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. எங்களில் இரண்டு பேர் சைவம். அதில் ஒருத்தி முட்டையும் சாப்பிட மாட்டாள். இன்னொருத்தி மது தொட மாட்டாள். ஒருத்திக்கு இப்போது வேலை இல்லை. பில்லைச் சமமாகப் பிரித்தால் அவளுக்குக் கஷ்டம், அவளை விட்டுவிட்டுப் பிரித்தால் அவள் மனசு நோகும். போன முறை இப்படி ஓர் இடத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு எதையோ ஆர்டர் செய்து, பாதிப் பேர் அரை வயிற்றோடு எழுந்து வந்தோம். இந்த முறை அவள் சந்தோஷப்பட வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தோழிக்கு, உங்கள் கடிதத்தில் நாலைந்து கவலைகள் இருக்கின்றன. எனக்கு அவை எல்லாமே ஒரே கவலையாகத்தான் தெரிகின்றன. போன முறை உங்கள் மாலையைக் கெடுத்தது தெரியாத மெனு இல்லை; தெரியும் என்று காட்டிக்கொண்டதுதான். இந்த முறை வாய்விட்டுக் கேளுங்கள். சர்வரிடம் கேளுங்கள், தோழிகளிடமும் கேளுங்கள், பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தோழிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இதே மாதிரி போயிருந்தோம். மெனு கார்டை நான்தான் கையில் வாங்கினேன். சைவத் தோழிக்கு 'புத்தனெஸ்கா' பாஸ்தா சொன்னேன். தக்காளி, ஆலிவ், கேப்பர் என்ற ஊறவைத்த மொட்டு என்று மட்டும் எங்கோ படித்த ஞாபகம். அந்த சாஸில் பல இடங்களில் நெத்திலி மாதிரியான உப்பு மீனை எண்ணெயில் கரைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கண்ணுக்கு மீனே தெரியாது, வாசனைதான் காட்டிக்கொடுக்கும். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள், முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள், எதுவும் சொல்லவில்லை. கடைசி வரை ரொட்டியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு ஓரத்தில் அந்தச் சிவப்பு எண்ணெய் உறைந்து கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இதில் மீன் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சரி, மெனுவுக்கு வருவோம். அது ஒரு வரிசை, அவ்வளவுதான். முதலில் 'ஆன்டிபாஸ்டி': பசியைக் கிளப்பிவிடும் சின்னச் சின்ன தட்டுகள். அடுத்து 'ப்ரீமி': பாஸ்தா, ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவு, சூப். அதன்பின் 'செகோண்டி': இறைச்சி, மீன். அதோடு காய்கறி வேண்டுமென்றால் 'கோன்டோர்னி' என்று தனியாகச் சொல்ல வேண்டும், தானாக வராது. கடைசியில் 'டோல்சி', அதாவது இனிப்பு. பிறகு காபி. எல்லாக் கட்டத்திலும் எல்லோரும் ஒவ்வொன்று சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் கிடையாது. உங்கள் ஆறு பேருக்கு நான் சொல்வது இதுதான்: மூன்று ஆன்டிபாஸ்டி நடுவில் வையுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு பாஸ்தாவோ பீட்சாவோ சொல்லுங்கள். இனிப்பு மட்டும் மூன்று வாங்கி, ஆறு ஸ்பூன் கேளுங்கள். போன முறை அரை வயிற்றோடு எழுந்ததற்குக் காரணம், எந்தத் தட்டு எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்காததாக இருக்கலாம். இத்தாலியில் பாஸ்தா என்பது சாப்பாட்டின் முதல் பகுதிதான், உலர்ந்த பாஸ்தா ஆளுக்கு 80 முதல் 100 கிராம் போடுவார்கள். மற்ற நாடுகளில் அதையே முழுச் சாப்பாடாகக் குவித்துத் தரும் இடங்களும் நிறைய உண்டு. உங்கள் உணவகம் எந்த ரகம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது சைவம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மெனுவில் காய்கறிப் படம் இருந்துவிட்டால் சைவம் என்று நம்பிவிடக் கூடாது. பார்மிஜானோ ரெஜானோ என்ற புகழ்பெற்ற சீஸில் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். பெகோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். ஆகவே பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோகூட, இந்தச் சீஸ் சேர்ந்தால் கண்டிப்பான சைவருக்கு ஆகாது. அதில் பைன் கொட்டையும் இருக்கும், யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ரிசோட்டோவைப் பல சமையலறைகளில் இறைச்சி வேகவைத்த நீரில்தான் கிளறுவார்கள். காய்கறி சூப்பான மினெஸ்ட்ரோனேவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. பன்னா கோட்டா இனிப்பை இறுக வைப்பது ஜெலட்டின், அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. இத்தாலிய மொழியில் 'பெப்பெரோனி' என்றால் குடைமிளகாய். வெளியில் பல நாடுகளில் அதே பெயரில் வருவது இறைச்சி. உங்கள் தோழிகள் எது வரை ஏற்றுக்கொள்வார்கள் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சீஸ் விஷயத்தை அவர்களிடமே சொல்லிவிட்டு அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். தெரிந்தே சாப்பிடுகிறவர்களும் உண்டு, தெரிந்ததும் வருந்துகிறவர்களும் உண்டு.

முட்டை சாப்பிடாத தோழிக்கு ஒரு நல்ல செய்தி. பாக்கெட்டில் வரும் உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னே வகைகள் பொதுவாக டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். 'ஃப்ரெஷ் பாஸ்தா' என்று பெருமையாகப் போட்டிருக்கும் டாலியாடெல்லே, ராவியோலி போன்றவற்றில்தான் பெரும்பாலும் முட்டை இருக்கும். கார்போனாரா பாஸ்தாவின் சாஸே முட்டைதான், கூடவே பன்றி இறைச்சி. டிராமிசு என்ற இனிப்பிலும் முட்டை உண்டு, சில இடங்களில் மார்சாலா ஒயினோ ரம்மோ தெளிப்பார்கள். அதனால் மது தொடாத தோழிக்கும் அதைச் சொல்லிவையுங்கள். கவலையில்லாமல் சாப்பிட ஒன்று வேண்டுமா? 'மரினாரா' பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸே கிடையாது. எனக்கு எல்லா பீட்சாவையும் விட அதுதான் பிடிக்கும். உலர்ந்த ஸ்பகெட்டியில் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும் 'ஆலியோ எ ஒலியோ'வும் அப்படித்தான், மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இனிப்புக்கு எலுமிச்சைச் சாற்றை உறைய வைத்துச் செய்யும் சோர்பெட் நல்லது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்தா வந்ததும் "சரியாக வேகவில்லையே" என்று யாராவது முகம் சுளிக்கலாம். பல்லில் லேசாகக் கடிபட வேண்டும் என்றே அந்தப் பதத்தில் இறக்குகிறார்கள். 'அல் டென்டே' என்பது அதுதான். கடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன உறுதி இருக்கும், மாவு வாசனை இருக்காது. நேப்பிள்ஸ் பாணி பீட்சா 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கும் அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வருவது. ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளும், நடுவில் ஈரமும் இருப்பது அதன் இயல்பு. அந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2017-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ரிசோட்டோ பீட்சா மாதிரிச் சீக்கிரம் வராது, அரிசியைப் பக்கத்திலேயே நின்று கிளறி இறக்க 18, 20 நிமிடமாவது ஆகும். ஒருத்தி ரிசோட்டோவும் மற்றவர்கள் பீட்சாவும் சொன்னால், எல்லாம் ஒன்றாக வரும்படி சர்வரிடம் சொல்லிவையுங்கள். ஸ்பகெட்டியைச் சுற்றத் தெரியவில்லை என்ற கூச்சமும் வேண்டாம். மூன்று நான்கு இழையை மட்டும் முள்கரண்டியில் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுற்றினால் வந்துவிடும். நிறைய அள்ளுவதால்தான் அவிழ்ந்து விழுகிறது.

வாழ்த்துச் சொல்வதை ஆன்டிபாஸ்டி வருவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சூடான பாஸ்தா யார் பேச்சுக்கும் காத்திருக்காது. மது குடிக்காத தோழிக்குச் சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டு மற்றவர்களுக்கு வைக்கும் அதே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் தரச் சொல்லுங்கள். அவள் பானத்தையே முதலில் சொல்லிவிடுங்கள், "நீ குடிக்க மாட்டியா?" என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

பணம். எல்லோரும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதை இத்தாலியர்கள் 'ரோமன் முறையில் கொடுப்பது' என்று சொல்வார்கள். எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் அது சுலபமான வழி. உங்கள் மேசையில் அப்படி இல்லை. பட்டம் வாங்கிய தோழி கொடுக்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை இல்லாத தோழியிடம் நீங்கள் மட்டும், இப்போதே, தனியாகப் பேசுங்கள். சுற்றி வளைக்காமல், "எனக்கு நீ வரணும். பில்லை நாங்க நாலு பேர் பார்த்துக்கிறோம். உனக்குச் சரியா?" என்று கேளுங்கள். "என் பங்கை நான் கொடுப்பேன்" என்று அவள் சொன்னால், வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். அவளுக்கு ஏற்ற மாதிரி ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்கூட்டியே வைத்து, அதற்குள் அடங்கும்படி ஆர்டர் செய்யுங்கள். குழுவாக வருபவர்களுக்கு நிர்ணயித்த விலையில் மெனு தருகிற இடங்களும் உண்டு. எப்படியானாலும் அன்றைக்கு மேசையில் கணக்குப் பேச்சே எழக் கூடாது. உட்காரும் முன்பே, பில்லை உங்களிடம் மட்டும் தரும்படி சர்வரிடம் சொல்லிவிடுங்கள்.

இனிப்பு முடிந்ததும் அவசரப்பட்டு எழ வேண்டாம். இத்தாலியில் நீங்கள் கேட்கும் வரை பில்லை மேசைக்குக் கொண்டுவர மாட்டார்கள், எழுப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். சின்னக் கோப்பையில் எஸ்பிரெசோ வாங்கிக்கொண்டு, ஆய்வு நடுவில் நின்றுபோன அந்த வருடங்களைப் பற்றி உங்கள் தோழியைப் பேச விடுங்கள். அதை அவளிடம் இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

நாளை மதியக் கூட்டம் ஓய்ந்ததும் உணவகத்துக்குப் போன் செய்யுங்கள். சீஸ், முட்டை, மது, தட்டின் அளவு, எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். முனைவர் எந்த இனிப்பைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.