மஞ்சள் விளக்கும் பென்குவின்களும்

அன்புள்ள ஐயா,

ஞாயிறன்று மகளுடன் ‘மேரி பாப்பின்ஸ்’ பார்த்தேன். கார்ட்டூன் பென்குவின்களோடு ஆடும் இடத்தில், “இதெல்லாம் பழைய புளூ ஸ்கிரீன் தந்திரம், நீலத் திரை முன்னால் நடிக்கவைத்துப் பின்னணியை மாற்றிவிடுவார்கள்” என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கதையை எழுதிய டிராவர்ஸைப் படத்தின் முதல் காட்சிக்கு அழைக்கவே இல்லையாமே? எழுத்தாளராக உங்களுக்குக் கோபம் வரவில்லையா?

சாந்தி

அன்புள்ள சாந்தி,

ஆமாம், அழைக்கவில்லை. 1964 ஆகஸ்ட் 27, லாஸ் ஏஞ்சலஸ் சைனீஸ் தியேட்டர். அழைப்பிதழை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். படம் முடிந்ததும் கார்ட்டூனைத் தூக்கிவிடுங்கள் என்று வால்ட் டிஸ்னியிடம் சொன்னார், டிஸ்னி மசியவில்லை. அவர் மசியாதது நல்லதுதான். எழுத்தாளர் மானம் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். தெரியாததைக் குழந்தையிடம் இவ்வளவு தைரியமாகச் சொல்வீர்களா? அது புளூ ஸ்கிரீன் இல்லை அம்மா. எங்கள் தெருவில் இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறார்களே, மஞ்சள் சோடியம் விளக்கு, அந்த ஜாதி வெளிச்சம். நான் சிறுவனாக இருந்தபோது திருவிழாக் கடையில், அந்த விளக்கடியில் அம்மா ஒரு ரவிக்கைத் துணி எடுத்தார். பழுப்பென்று நினைத்தது வீட்டு ட்யூப்லைட்டில் பச்சை. கடைக்காரருக்கு ஒரு வாரம் திட்டு விழுந்தது. பாவம், குற்றவாளி தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கு.

அந்த வெளிச்சத்தில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே மஞ்சள். அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வெள்ளைத் திரை, அதன்மேல் சோடியம் வெளிச்சம். முன்னால் மேரியாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கும், கூட ஆடும் டிக் வான் டைக்குக்கும் சாதாரண ஸ்டூடியோ விளக்கு. கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம் ஒளியை இரண்டு ஃபிலிமுக்குப் பிரித்துவிடும். ஒன்றில் அந்த மஞ்சள் நீங்கலாக எல்லா நிறமும். இன்னொன்றில் அந்த மஞ்சள் மட்டும். இரண்டாவதை வைத்து ஆளைச் சுற்றிக் கச்சிதமாக வெட்டி, கார்ட்டூன் ஓவியத்தின் மேல் ஒட்டிவிடலாம். புளூ ஸ்கிரீன் என்றால் மெல்லிய துணியில் நீலம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த முறைக்காக பெட்ரோ விளாஹோஸ், அப் ஐவர்க்ஸ், வாட்ஸ்வொர்த் போல் மூவருக்கும் 1965 ஆஸ்கர் விழாவில் விருது கொடுத்தார்கள்.

ஆகவே மகளை உட்காரவைத்து அந்தப் பாட்டை மறுபடி போடுங்கள். மேரியின் வெள்ளைத் தொப்பியில் ஒரு வலைத்துணி இருக்கும். அங்கே நிறுத்தி, வலை வழியாகப் பின்னால் உள்ள ஓவியம் தெரிகிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.