யார் வீட்டு விழா?

வணக்கம் சார்,

பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் கலந்துகொள்ளும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஜெயித்த நாடு அடுத்த வருஷம் போட்டியை நடத்துவது வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022இல் ஜெயித்தது உக்ரைன். ஆனால் 2023 போட்டி பிரிட்டனின் லிவர்பூலில் நடந்தது. அதை "பொருத்தமான முடிவு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

அடி வாங்கியவனிடமிருந்தே பரிசையும் பிடுங்கிக்கொண்டது போல இருக்கிறது. உக்ரைன் நடத்தத் தயாராக இருந்தது. கீவ் ஆபத்து என்றால் மேற்கே லிவிவ் இருந்தது. ரயில்கள் ஓடின. அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் கீவ் தெருக்களில் நடந்து போனதை நாமெல்லாம் பார்த்தோம். பிரதமர் போகலாம், பாடகர்கள் போகக்கூடாதா? வேறு எந்த நாட்டுக்கும் இப்படி நடந்ததில்லையே! கடைசியில் லாபம் பார்த்தது பிரிட்டன். ரஷ்யாவை ஒரே நாளில் நீக்கியவர்கள் இஸ்ரேலைப் பாட விட்டதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உக்ரைனில் நடந்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா?

ம., கோவை

அன்புள்ள ம.,

அந்த ஒரு வரி போதாதுதான். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

வின்னித்சியா என்று ஓர் ஊர். கீவுக்குத் தென்மேற்கே, போர்முனையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. 2022 ஜூலை 14ஆம் தேதி காலையில் அந்த ஊரின் நட்டநடுவே ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அம்மாவோடு தன் தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்த 4 வயதுக் குழந்தை ஒன்றும் அதில் உண்டு. அடிபட்ட கட்டடங்களில் ஒன்று 'அதிகாரிகள் இல்லம்'. பெயர்தான் அப்படி. ஊர்க்காரர்களுக்கு அது கச்சேரி நடக்கும் அரங்கு. அன்று சாயங்காலம் அங்கே ரொக்சொலானா என்ற பாடகி பாடுவதாக இருந்தது. அவருடைய குழுவில் ஒருவர் இறந்தார்.

உக்ரைனில் போட்டியை நடத்த முடியாது என்று, போட்டிக்குப் பொறுப்பான ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அறிவித்தது ஜூன் 17ஆம் தேதி. அதற்குப் பிறகு 4 வாரம்கூட ஆகவில்லை. கச்சேரி நடக்க இருந்த அரங்கு, கச்சேரி நடக்க இருந்த நாளிலேயே இடிந்தது. எனக்கு அந்த முடிவைப் பற்றி அதற்கு முன்பு கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அன்றைக்கு அது போய்விட்டது.

ஜான்சன் போனாரே என்கிறீர்கள். போனார். அவர் போய்ச் சேரும் வரை யாருக்கும் தெரியாது. சில மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார். பாட்டுப் போட்டியை அப்படி நடத்த முடியாது. ஊர், அரங்கு, தேதி, மணி எல்லாவற்றையும் பல மாதம் முன்னாடியே உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஏவுகணைக்கு முகவரி எழுதிக் கொடுத்த கதைதான். வேலைக்கு மட்டுமே 10,000 பேர் வருவார்கள், பார்க்க இன்னும் 30,000 பேர் வருவார்கள் என்று ஒன்றியம் கணக்குச் சொன்னது. விமானம் கிடையாது. படையெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடித்தான் இருக்கிறது. இறுதிப் போட்டி கீவ் நேரப்படி ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி ஒரு மணியைத் தாண்டித்தான் முடியும். நாட்டின் பெரும்பகுதியில் அந்த நேரத்தில் ஊரடங்கு. நடுவில் அபாயச் சங்கு ஊதினால் அத்தனை பேரையும் எந்த நிலவறைக்குக் கூட்டிப்போவது? லிவிவிலும் ஏவுகணை விழுந்துகொண்டுதான் இருந்தது.

உக்ரைன்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். 2023 போட்டிக்குத் தங்கள் பாடகரைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை எங்கே நடத்தினார்கள் தெரியுமா? கீவின் மைதான் மெட்ரோ நிலையத்தில், பூமிக்கு அடியில். அது 2022 டிசம்பர் 17. முந்தின நாள்தான் நாடு முழுக்கப் பெரிய ஏவுகணைத் தாக்குதல் நடந்திருந்தது. கீவில் மெட்ரோ ரயிலையே நிறுத்திவிட்டு நிலையங்களை மக்கள் ஒதுங்க விட்டிருந்தார்கள். ஜனங்கள் படுக்கை விரிப்பும் நாய்க்குட்டியுமாக உட்கார்ந்திருந்த அதே மெட்ரோவில் மறுநாள் விளக்குப் போட்டு, மைக் வைத்துப் பாடினார்கள். நடுவர்களில் ஒருவர் தாராஸ் தொபோல்யா. அவர் பாடகர், போர்முனையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். இன்னொருவர் ஜமாலா. ஸ்டாலின் காலத்தில் கிரிமியத் தாத்தார் இனத்தவர் நாடுகடத்தப்பட்டதைப் பாடி 2016இல் யூரோவிஷனை ஜெயித்தவர். அந்த நிகழ்ச்சியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர்களால் நடத்த முடியும். இந்தக் கண்ணியத்தோடு நடத்த வேறு யாராலும் முடியாது. ஆனால் 40,000 பேரை மெட்ரோவுக்குள் வைத்து நடத்த முடியாது.

"வேறு எந்த நாட்டுக்கும் இப்படி நடந்ததில்லை" என்கிறீர்கள். ஜெயித்த நாடு நடத்தாமல் போனது நிறைய உண்டு. 1960, 1963, 1972, 1974 நான்கு முறையும் வேறொரு நாடு ஜெயித்து, போட்டியை நடத்தியது பிரிட்டன்தான். 1979இல் ஜெருசலேமில் போட்டியை நடத்தி அதிலேயே ஜெயித்த இஸ்ரேல், அடுத்தடுத்து இரண்டு வருஷம் செலவு தாங்காது என்று கைவிரித்தது. 1980 போட்டி நெதர்லாந்துக்குப் போனது. ஆனால் உங்கள் வருத்தத்தில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அவர்கள் எல்லாம் தாங்களாகவே வேண்டாம் என்றவர்கள். நடத்துகிறேன் என்று நின்ற ஒரு நாட்டிடம் முடியாது என்று சொன்னது உக்ரைனிடம்தான். மரியுபோலில் ஒருநாள் நடத்துவோம் என்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி சொல்லியிருந்தார். அப்போது மரியுபோல் நகரம் ரஷ்யத் தாக்குதலில் சிதைந்து கிடந்தது. அது வெறும் ஆசை வார்த்தை இல்லை. நாங்கள் இருப்போம் என்று ஒரு நாடு சொன்ன சொல்.

அதனால் நான் ஒன்றியத்தின் மேல் வைக்கிற குறை வேறு. ஜூன் 17 அறிவிப்பில் உங்கள் நாட்டில் முடியாது என்றார்கள், பிபிசியோடு பேசப்போகிறோம் என்றார்கள். உக்ரைனின் கலாச்சார அமைச்சர் எதிர்ப்பு அறிக்கை விட்டார். அதில் ருஸ்லானா, ஜமாலா, 2022இல் ஜெயித்த கலுஷ் ஆர்கெஸ்ட்ரா குழுவின் ஒலே ப்சியுக் மூன்று பேரும் கூடவே கையெழுத்துப் போட்டார்கள். உக்ரைனுக்காக இந்தப் போட்டியை ஜெயித்துக் கொடுத்த மூன்று பேர்! அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "விழா உங்களுடையதுதான், இடம் மட்டும்தான் வேறு" என்று முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? உக்ரைன் சார்பாக பிபிசி நடத்தும் என்ற அறிவிப்பு ஜூலை 25ஆம் தேதிதான் வந்தது. அந்த வார்த்தை ஐந்து வாரம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது.

நம்மிடம் கல்யாண வீட்டில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் பங்காளி வீட்டுக்குப் பந்தலை மாற்றுவார்கள். பத்திரிகையில் பெயரை மாற்ற மாட்டார்கள். வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவதும் அந்த வீட்டுக்காரர்தான். லிவர்பூலை நான் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

போட்டி கேட்டு முன்னுக்கு வந்த நகரங்களில் கடைசியில் மிஞ்சியவை கிளாஸ்கோவும் லிவர்பூலும். லிவர்பூல் 1957 முதல் உக்ரைனில் உள்ள ஒடேசாவின் சகோதர நகரம். 1941 மே முதல் வாரத்தில் ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்ட துறைமுகம். அப்போது கூரை எரிந்துபோன புனித லூக்கா தேவாலயத்தை அவர்கள் மூடவும் இல்லை, இடிக்கவும் இல்லை. வெறும் சுவர்களோடு இன்றைக்கும் ஊர் நடுவில் நிற்கிறது. 2023 மே மாதம் அதே ஊரில் நெல்சன் நினைவுச் சின்னத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள், கீவிலும் ஒடேசாவிலும் சிலைகளை மூடி வைத்திருந்த மாதிரி. ஊர் முழுக்க உக்ரைன் பூவேலைச் சட்டை போட்ட ராப்பாடிப் பறவைகளின் (நைட்டிங்கேல்) சிற்பங்கள். தொகுப்பாளர் நால்வரில் ஒருவர் உக்ரைனின் யூலியா சானினா. பிரிட்டனில் தஞ்சமிருந்த உக்ரைன்காரர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சின்னப் படம் காட்டுவார்களே, அதில் மூன்று இடம் வரும்: முதலில் உக்ரைனில் ஓரிடம், அப்புறம் பிரிட்டனில் ஒன்று, அப்புறம் பாடுகிறவரின் நாடு. பார்த்துக்கொண்டே வந்தபோது உக்ரைனின் ஏரியும் கோட்டையும் நூலகமும் ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. பிரிட்டன் பணம் பார்த்ததா என்றால், விடுதியும் உணவகமும் நிறைந்திருக்கும், பார்த்திருக்கும்தான். செலவும் செய்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் பட்டது வேறொன்று. இறுதி நிகழ்ச்சியில் காணொளி வழியாகப் பேச ஜெலன்ஸ்கி கேட்டதாக ஒன்றியமே சொன்னது; அவர் தரப்பு அப்படிக் கேட்கவில்லை என்றது. எப்படியானாலும், இது அரசியல் சாராத போட்டி என்று ஒன்றியம் மறுத்துவிட்டது. பத்திரிகையில் பெயரைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரை வாசலில் நிற்காதே என்று சொன்னது இது. இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அன்று ராத்திரி நம் நேரப்படி 12:30க்கு நேரலை தொடங்கியது. அந்த வருஷம்தான் முதல்முறையாக, போட்டியில் இல்லாத நாடுகளிலிருந்தும் இணையத்தில் வாக்களிக்கலாம் என்றார்கள். உக்ரைனின் ட்வோர்ச்சி குழுவுக்கு நான் வாக்களித்தேன். மெட்ரோ நிலையத்தில் ஜெயித்த இருவர். அவர்கள் ஊர் டெர்னோபில், நாட்டின் மேற்கில் இருக்கிறது, லிவிவுக்குப் பக்கம். நீங்கள் பத்திரமான பகுதி என்று சொல்கிற மேற்குதான். அவர்கள் லிவர்பூலில் மேடையேறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு டெர்னோபிலில் ஏவுகணை விழுந்தது. கிடங்குகள் எரிந்தன, ஆட்கள் காயம்பட்டார்கள். பாடி முடித்த கையோடு தங்கள் ஊரின் பெயரை உலகத்துக்கு எழுதிச் சொன்னார்கள். ஸ்வீடன் ஜெயித்தது, அவர்கள் 6ஆம் இடம். இதெல்லாம் எனக்குக் காலையில் செய்தி படித்துத்தான் தெரிந்தது. ராத்திரி நான் பாட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

இஸ்ரேல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ரஷ்யா படையெடுத்த அன்று, 2022 பிப்ரவரி 24, ரஷ்யா பாடலாம் என்றுதான் ஒன்றியம் சொன்னது. மற்ற நாடுகள் எதிர்த்ததும் மறுநாள், ரஷ்யா இருந்தால் போட்டிக்கு அவப்பெயர் என்று நீக்கினார்கள். சரியான முடிவு. காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்ட பிறகும் அதே அளவுகோலை எடுக்கவில்லை. 2025இல் இஸ்ரேலுக்காகப் பாடிய பெண், 2023 அக்டோபர் 7 அன்று இசை விழாவில் நடந்த படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்த வருஷம் பார்வையாளர் வாக்கில் இஸ்ரேல்தான் முதலிடம், மொத்தத்தில் இரண்டாமிடம். ஆஸ்திரியா ஜெயித்ததால் போட்டி வியன்னாவுக்குப் போனது. கொஞ்சம் மாறியிருந்தால் குண்டு போடுகிற நாட்டிலேயே விழாவை நடத்தலாமா என்ற கேள்வி எழுந்திருக்கும். கூடாது என்பதே என் பதில். குண்டு விழுகிற நாட்டில் நடத்த முடியாமல் போனது உயிர்ப் பயத்தால். குண்டு போடுகிற நாட்டில் நடத்தக் கூடாது என்பது நியாயத்தால். 2025 டிசம்பரில் இஸ்ரேல் பாடலாம் என்று முடிவானபோது ஸ்பெயினும் அயர்லாந்தும் நெதர்லாந்தும் ஸ்லோவேனியாவும் விலகின. அவர்களை நான் மதிக்கிறேன்.

1993இல் தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்தபோது போஸ்னியாவும் முதல்முறையாகப் பாட வந்தது. பாடகர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே விமான ஓடுபாதையை ஓடிக் கடந்து வெளியே வந்தவர்கள். போட்டி நடந்தது அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சின்ன ஊரில், குதிரையேற்ற அரங்கு ஒன்றில். மதிப்பெண் சொல்லும் நேரம் வந்தது. சரயேவோவிலிருந்து தொலைபேசி இணைப்பு. ஒரே கரகரப்பு, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். என்ன சொல்கிறது என்று புரிவதற்கு முன்பே அரங்கு கைதட்ட ஆரம்பித்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அந்தப் பகுதியைத் தேடிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். முடிந்தால் நீங்களும் பாருங்கள்.

போயிருப்பீர்களா என்று கேட்டீர்கள். 2023இல் போயிருக்க மாட்டேன். வீட்டிலும் விட்டிருக்க மாட்டார்கள், எனக்கும் பயமாக இருந்திருக்கும். கீவில் நடக்கிற அன்றைக்குப் போவேன். 2005இலும் 2017இலும் அவர்கள் நடத்தியதைத் திரையில்தான் பார்த்தேன். அடுத்த முறை மைதான் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே ஏற வேண்டும்.

அன்புடன்.