குதிரைக்குட்டிக்குத் தலைக்கயிறு பழக்கும்போது, இழுத்தால் ஏன் பின்னால் சாய்கிறது?

தலைக்கயிறு என்பது வாயில் இரும்பு இல்லாமல் மூக்கையும் காதின் பின்புறத்தையும் சுற்றிவரும் வார். கடிவாளம் வேறு.

பிறந்த சில நாளிலேயே தொட்டுப் பழக்கலாம். தாய்க்குதிரை கண்ணெதிரே நிற்கட்டும். ஒரு கை நெஞ்சுக்கு முன், மறு கை பிட்டத்துக்குப் பின் கொடுத்து, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டைச் சொறியுங்கள். குட்டி மேலுதட்டை நீட்டிக் கோணினால் சுகம் கண்டுவிட்டது. முகத்தைக் கடைசியில் தொடுங்கள். 10 நிமிடம் போதும். அமைதியாக நிற்கும்போதுதான் விட வேண்டும். திமிறும்போது விட்டால் திமிறத்தான் கற்கும்.

மூக்குப்பட்டை கன்ன எலும்புக்கு 2 விரல் கீழே இருக்கட்டும், உள்ளே 2 விரல் நுழையட்டும்.

தலையை இழுத்தால் எதிர்த்துச் சாய்வது அதன் இயல்பு. மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து. நெல்லையப்பர் தேரை வடம் மட்டுமா நகர்த்துகிறது? பின்னால் சக்கரத்துக்குத் தடி போடுகிறார்களே! அப்படித்தான், பிட்டத்தைச் சுற்றி மெத்தென்ற கயிறு போட்டு அதைக்கொண்டு கிளப்புங்கள். ஓர் அடி வைத்ததும் தளர்த்திவிடுங்கள்.

'தலைக்கயிற்றைக் கழற்றாமல் விட்டால் தானே பழகும்' என்பார்கள். தவறு: காதைச் சொறியத் தூக்கிய பின்னங்கால் வாரில் மாட்டிக்கொள்ளும்.